கடலடி கண்ட கண்கள்

கடல் உயிரியல் பயிலும் மாணவர் ஒருவர் இன்று காற்றுக் கலனை முதுகில் சுமந்து நீரில் மூழ்கும் பயிற்சியை முடித்தால், அவர் கையில் ஒரு சான்றிதழ் தரப்படுகிறது. ஏறத்தாழ 18 மீட்டர் ஆழம் வரை துணையுடன் இறங்கி மீள அவர் தகுதி பெற்றுவிட்டார் என்பதே அந்தத் தொடக்கநிலைச் சான்றின் பொருள். 18 மீட்டர் என்பது பழைய கணக்கில் பத்துப் பாகம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பலவும் ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்தில்தான் கிடக்கின்றன. அதாவது, இன்றைய மாணவர் சான்றும் கருவியும் பெற்று எட்டுகிற அதே ஆழத்தை, கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் பிறந்த குளியாளர் காலில் ஒரு கல்லும் இடுப்பில் ஒரு கயிறுமாக, ஒற்றை மூச்சில் எட்டித் திரும்பினார்.

இவ்விரண்டு மூழ்குதல்களுக்கும் இடையே ஒரு நெடிய வரலாறு கிடக்கிறது. கடலின் அடியைக் கண்ணால் கண்டவர் யார், கண்டதை எழுதி வைத்தவர் யார் என்ற கேள்வியே அவ்வரலாற்றின் உயிர்நாடி. நெடுங்காலம் கண்டவர் எழுதவில்லை, எழுதியவர் காணவில்லை. இந்த இடைவெளி எவ்வாறு குறைந்தது, அது முற்றும் நீங்கிவிட்டதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடம் பெயர்ந்த முத்துக்கள்

கி.பி. 1030-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கஸ்னியில் இருந்தவாறு இந்திய நாட்டைப் பற்றி ஒப்பற்ற நூல் செய்த அறிஞர் அல்-பீரூனி, அந்நூலில் நம் கடலைப் பற்றியும் ஒரு செய்தியைக் குறித்துச் சென்றிருக்கிறார். முற்காலத்தில் ஸரன்தீபின் வளைகுடாவில் முத்துப் படுகைகள் இருந்தன. இப்போது அவை கைவிடப்பட்டுவிட்டன. அங்கே முத்து மறைந்த பின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸுஃபாலாவில் முத்து தோன்றியது. ஆகவே ஸரன்தீபின் முத்துக்களே ஸுஃபாலாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்று மக்கள் பேசிக்கொள்கிறார்கள் என்பது அச்செய்தியின் சாரம்.

முத்துக்கள் குடிபெயர்ந்தன என்னும் பேச்சைக் கேட்டு இன்று நாம் நகைக்கலாம். ஆயினும் அதனுள் பொதிந்துள்ள ஐயம் நகைப்புக்குரியதன்று. நேற்றுவரை கோடிக்கணக்கில் சிப்பி கிடந்த பார் இன்று வெறும் மணலாகக் கிடப்பது ஏன்? பத்தாண்டுகள், இருபதாண்டுகள் வறண்டு கிடந்த பார் ஒருநாள் மீண்டும் நிறைவது எவ்வாறு? பாண்டிய மன்னரும், காயல் துறையின் வணிகரும், பின்வந்த போர்ச்சுக்கீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் விடை காணாது திகைத்த வினா இது.

திகைப்பு வீண் திகைப்பன்று. சலாபம் நடந்தால் ஊர் செழிக்கும். நடவாவிடில் துறை வாடும். இலங்கைக் கரையில் 1838 முதல் 1854 வரை சலாபமே நடைபெறவில்லை. 1891-க்குப் பின் மீண்டும் 1903-ஆம் ஆண்டுதான் பார்கள் பலனளித்தன. இக்கரையிலும் நிலைமை வேறன்று. ஒரு தலைமுறைக் குளியாளர் தம் தொழிலைத் தந்தையிடம் கற்றுக்கொண்டு, அதைச் செய்வதற்கு ஒரு பருவம்கூட வாய்க்காமல் முதுமை எய்திய காலங்களும் உண்டு.

மூச்சை அடக்கியவர்கள்

முத்துக்குளிக்கும் முறையை இப்னு பதூதா பாரசீக வளைகுடாவைப் பற்றிய தம் குறிப்பில் விவரித்திருக்கிறார். சித்திரை, வைகாசியை ஒட்டிய மாதங்களில் படகுகள் கூடுவதையும், குளிப்பவர் முகத்திற்கு ஆமையோட்டால் செய்த மூடி அணிவதையும், மூக்கை இறுக்கும் கருவி பொருத்துவதையும், இடுப்பில் கயிறு கட்டி இறங்குவதையும் அவர் எழுதினார். குளிப்பவர் சிலர் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீருள் இருப்பர் என்று அவர் குறித்தது மட்டும் ஏற்கத்தக்கதன்று; உண்மையில் அது ஒரு நிமிடத்தை ஒட்டிய காலமே. கரையில் நின்று கேட்டு எழுதுவதன் இடர்ப்பாட்டுக்கு இதுவே சான்று. அவரே 1344-ஆம் ஆண்டில் இலங்கையின் புத்தளம் பகுதிக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்களைக் கண்டார் என்பதும் நாம் அறிந்த செய்தி.

மன்னார் வளைகுடாவின் முறை பெரிதும் இதைப் போன்றதே. படகின் பக்கத்தில் கல் தொங்கும். குளிப்பவர் அதன் கயிற்றில் கால் வைத்து, மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு, கல்லின் பாரத்தால் விரைந்து கீழே செல்வார். அரபுக் குளியாளர் கொம்பினால் ஆன கவ்வியால் மூக்கை மூடினர்; நம் கரையினர் பெரும்பாலும் விரல்களாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டனர். அடிமட்டத்தை எட்டியதும் கல்லை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய சிப்பிகளை வலைக்கூடையில் வாரி, கயிற்றை அசைப்பார். மேலே கயிறு பிடித்திருப்பவர் இழுத்துக்கொள்வார். குளிப்பவரின் உயிர் அந்தக் கயிறு பிடிப்பவரின் கையில் இருந்தது. ஆகவே உறவினரையோ நெடுநாள் கூட்டாளியையோ அன்றி வேறு எவரையும் அப்பணியில் அமர்த்த அவர்கள் உடன்படுவதில்லை.

1905-ஆம் ஆண்டு இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபம் வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அப்பருவத்தில் எடுக்கப்பட்டன. கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரவரும், யாழ்ப்பாணத்தாரும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுகளும் ஒரே கடலில் ஒரே மணி நேரத்தில் குளித்தனர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒரு பங்கே படகுக்கும் குளியாளருக்கும்.

துறைகளின் உரிமை குறித்து இம்மக்களிடையே பூசல் இருந்ததில்லை என்று கூறிவிட முடியாது. 1530-களில் அப்பூசல் கடலோர அரசியலையே மாற்றியது. போர்ச்சுக்கீசியர் இக்கரையில் காலூன்ற அது வழி வகுத்தது. ஆயினும் நீருக்கடியில் அவர்கள் கண்ட உலகம் ஒன்றே. அதற்கு அவர்கள் இட்ட பெயர்களும் ஒன்றே. சிப்பிப் படுகைக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள ஒரு பாருக்குத் தோலாயிரம் பார் என்று பெயர். சிப்பியைத் தின்னும் மீன் கிளாத்தி. சிப்பிக் குஞ்சுகளின் மேல் போர்வைபோல் படர்ந்து அவற்றை மூச்சுமுட்டச் செய்யும் சிறு மட்டி சூரான். இப்பெயர்கள் நூலகத்தில் பிறந்தவை அல்ல. ஒரு நிமிட மூச்சுக்குள் கண்டு, படகில் ஏறிச் சொல்லி, மகனுக்கு மகன் வழங்கி வந்தவை.

படகிலிருந்து ஆய்ந்தவர்கள்

பதினேழு ஆண்டுகள் சலாபமின்றிக் கழிந்த அனுபவம் ஆங்கில அரசை அறிவியலின் பக்கம் திருப்பியது. 1857-இல் இலங்கையில் பிறந்த படை மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான எட்வர்ட் கெலார்ட் முத்துச் சிப்பியை ஆராய அமர்த்தப்பட்டார். சிப்பி தன் நார்களால் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்பது எல்லாரும் அறிந்ததே. இளஞ்சிப்பி அந்தப் பற்றை விட்டு நகர்ந்து வேறிடத்தில் மீண்டும் பற்றிக்கொள்ளவும் வல்லது என்று அவர் கண்டார். முத்து உண்டாவதற்கு ஒட்டுண்ணிப் புழு காரணமாகலாம் என்ற கருத்தையும் வெளியிட்டார். ஆய்வு முற்றுப்பெறுமுன் 1860-இல் அவர் காலமானார்.

மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்பது தமிழ்ப் புலவர்க்கும் பாரசீகப் புலவர்க்கும் பொதுவான கற்பனை. கவிதைக்கு அது அழகே. ஆனால் வறண்ட பாருக்கு அதில் மருந்து இல்லை.

அடுத்து 1902-இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் வந்தார். உடன் வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். அவர்களுடைய ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பார்கள் அழிவதற்கு மனிதர் மிகுதியாக வாரியெடுப்பது மட்டுமே காரணமன்று; பருவக்காற்றுக் காலத்தில் நகரும் மணல் சிப்பிகளைப் புதைக்கிறது; ஒரே இடத்தில் நெருங்கி மண்டுவதால் குஞ்சுகள் நலிகின்றன; கிளாத்தி, திருக்கை, நட்சத்திர மீன் முதலியன தின்று தீர்க்கின்றன என்று அவர்கள் விளக்கினர். நெருங்கிய குஞ்சுகளை வேறு பாருக்குப் பெயர்த்து நடுமாறும், பற்றிக்கொள்ளக் கல்லிடுமாறும் பரிந்துரைத்தனர்.

அரிய உழைப்பு அது. எனினும் அதன் எல்லையையும் நாம் உணர வேண்டும். அடிமட்டத்தை வாரும் இரும்புக் கூடையைப் படகிலிருந்து இழுத்து, அதில் சிக்கியதைக் கொண்டும், குளியாளர் எடுத்து வந்து கொடுத்ததைக் கொண்டுமே பெரும்பாலான முடிவுகள் எட்டப்பட்டன. காட்டை அறிய விரும்பும் ஒருவர் வானத்திலிருந்து கொக்கி எறிந்து, சிக்கிய கிளைகளைக் கொண்டு மரங்களைக் கணிப்பதைப் போன்றது இது. முத்து பிறப்பது நாடாப்புழுவின் இளம்பருவத்தால் என்று ஹெர்ட்மன் கொண்ட முடிவு பின்னர் நிலைக்கவில்லை. பார்களை நம்பி 1906-இல் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலக் கம்பெனி, சில ஆண்டுகளிலேயே சிப்பியின்றி நொடித்துக் கலைந்தது.

ஹார்னெல் இக்கரையிலேயே தங்கிப் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகவும் விளங்கினார். முத்தையும் சங்கையும் பற்றி அவர் எழுதியவற்றைப் படிப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். அவருக்கு ஆசிரியர்களாக இருந்தவர்களில் பெயர் தெரியாத குளியாளர் பலர். அறிவு அவர்களுடையது, எழுத்து அவருடையது.

நீருள் இறங்கிய அறிவியல்

ஆய்வாளரே நீருள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் முன்பே முளைத்திருந்தது. 1844-இல் பிரெஞ்சு விலங்கியலார் ஆன்ரி மில்ன்-எட்வர்ட்ஸ், சிசிலித் தீவின் கரையில், மேலிருந்து குழாய் வழியே காற்று செலுத்தப்பட்ட தலைக்கவசம் அணிந்து இறங்கினார். உயிரியல் ஆய்வுக்காகக் கடலடி சென்றோருள் அவரே முன்னோடி எனலாம். ஆனால் கனமான கவசமும் குழாயும் மனிதனைக் கட்டிப்போட்டன. நடக்கலாம், நீந்த இயலாது.

கட்டு அவிழ்ந்தது 1943-இல். பிரான்சின் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞ்ஞானும் சேர்ந்து, மூழ்குபவர் மூச்சிழுக்கும்போது மட்டும், அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்பக் காற்றைத் தரும் கருவியை உருவாக்கினர். அதே காலத்தில் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ் வேறுவகை மூச்சுக்கருவியுடன் கடலடியில் நீந்தி, அங்குத் தாமே திரட்டியவற்றை ஆய்ந்து விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் கான்ராட் லிம்பா 1950-ஐ ஒட்டி இக்கருவியை மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். முறையான பயிற்சியும் தேர்வும் இன்றி எவரும் ஆய்வுக்காக மூழ்கலாகாது என்ற நெறி அங்குதான் வேரூன்றியது. அந்த லிம்பாவே 1960-இல் பிரான்சின் தென்கரையில் நீரடிக் குகையொன்றில் வழி தவறி உயிர் நீத்தார். ஆசிரியர்க்கே நேர்ந்த இம்முடிவு, சான்றிதழ் என்பது வெற்றுத் தாளன்று என்பதை உணர்த்தியது.

இங்கே கருதத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. பத்து மீட்டர் இறங்குந்தோறும் கடலின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மூச்சடக்கி இறங்கும் குளியாளரின் நுரையீரல் ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவை அடைகிறது. ஆனால் காற்றுக் கலனுடன் செல்பவர் ஆழத்திலேயே அழுத்தமான காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறார். 18 மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கியவாறு அவர் மேலெழுந்தால், அக்காற்று ஏறத்தாழ மூன்று மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே முன்னவரின் கலை மூச்சை அடக்குவது. பின்னவரின் முதல் விதி மூச்சை ஒருபோதும் அடக்காதிருப்பது. நெடுநேரம் ஆழத்தில் இருந்தால் குருதியிலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறும்போது குமிழிகளாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். இதைத் தவிர்க்கப் படிப்படியாக மேலேறும் அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். சான்று பெறும் மாணவர் முதலில் கற்பது இவற்றையே.

முஸ்லிம் நாடுகளும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள ஙர்தகா கடல் உயிரியல் நிலையத்தைப் பல்லாண்டு நடத்திய ஹாமித் ஜவ்ஹர், பவளங்களையும் கடற்பசுவையும் ஆராய்ந்து புகழ் பெற்றவர். பிற்காலத்தில் தொலைக்காட்சி வழியே அரபு நாட்டுக் குடும்பங்களுக்குக் கடலை அறிமுகம் செய்தவர். 1950-51-இல் அங்கு வந்து மீனினங்களை ஆய்ந்த அமெரிக்கப் பெண் விஞ்ஞானி யூஜினி கிளார்க், நீரில் மூழ்கித் தாமே மீன் பிடித்து ஆராய்ந்தார். கடலடி ஆய்வு ஆண்களுக்கே உரியது என்ற எண்ணத்தைத் தகர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஜவ்ஹர் ஆராய்ந்த கடற்பசு நம் கரையில் ஆவுளியா என்ற பெயரால் அறியப்படுவதே.

தூத்துக்குடியின் பங்கு

இந்திய அரசு 1947-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் கே. நாகப்பன் நாயரும் எஸ். மகாதேவனும் காற்றுக் கலனுடன் தூத்துக்குடிப் பார்களில் மூழ்கி, அடிமட்டத்தின் இயல்பையும் அங்கு வாழும் உயிர்களையும் கண்டெழுதினர். அவர்களுடைய கட்டுரைகள் 1960-களில் தொடராக வெளிவந்தன. பாரின் மேல் நீந்திச் சென்று, சிப்பி எங்கே நெருங்கியிருக்கிறது, மணல் எங்கே மூடியிருக்கிறது, சூரான் எங்கே படர்ந்திருக்கிறது என்பதைத் தம் கண்ணால் கண்டே எழுத அவர்களால் இயன்றது. எழுதுபவரே கண்டவராகவும் ஆன காலம் நம் கடலில் தொடங்கியது.

காலத்தின் விந்தை யாதெனில், காணும் கண் கிடைத்தபோது காட்சி மறைந்தது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த தூத்துக்குடிச் சலாபத்திற்குப் பின் அங்குப் பெருஞ்சலாபம் நடைபெறவில்லை. பல நூற்றாண்டுத் தொழில் ஒன்று ஆரவாரமின்றி முடிந்தது.

ஆனால் அறிவு முடியவில்லை. சிப்பியின் மேலுறைத் திசுவே முத்தை உருவாக்குகிறது என்னும் உண்மையை ஜப்பானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பயன்படுத்தி உருண்டை முத்தை வளர்த்தனர். 1973-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் கே. அழகர்சாமி அம்முறையால் நம் சிப்பியிலும் முத்தை விளைவித்துக் காட்டினார். முத்துச் சிப்பியின் குஞ்சு தொடக்கத்தில் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து செல்லும் நுண்ணுயிராக இருக்கிறது என்பதும் தெளிவாயிற்று. நீரோட்டம் கொண்டு சேர்க்கும் இடத்தில், பற்றிக்கொள்ளக் கல் இருந்தால் பார் நிறையும். மணல் இருந்தால் மடியும். முத்துக்கள் குடிபெயர்கின்றன என்று பீரூனியின் காலத்து மக்கள் பேசியது ஸுஃபாலாவைப் பொறுத்தவரை உண்மையன்று. ஆனால் குஞ்சுகள் பார் விட்டுப் பார் பயணம் செய்கின்றன என்ற அளவில் அதில் உண்மையின் நிழல் இருக்கத்தான் செய்கிறது.

இன்றைய கடமை

1986-இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையேயுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக அவற்றுள் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2010-லும் 2016-லும் கடல்நீர் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளுத்தன. 2022-இல் பாக்கு நீரிணையில் ஆவுளியாவுக்கெனத் தனிக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்களைக் கடலடி சென்று ஆண்டுதோறும் அளந்து எழுதினாலன்றிக் காப்பாற்றும் வழி பிறக்காது. புதிதாகச் சான்று பெறும் மாணவ மாணவியர் தேவைப்படுவது இதற்காகவே.

மறுபக்கம் ஒன்றையும் மறைத்தல் ஆகாது. முத்து மறைந்த பின்னும் சங்கு குளிப்போர் நம் கரையில் இருக்கின்றனர்; அவர்களுள் முஸ்லிம்களும் பலர். படகில் காற்றமுக்கி இயந்திரத்தை ஓடவிட்டு, அதனோடு இணைத்த குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் உழைப்போர் அவர்களிடையே உளர். மூச்சடக்கிய பாட்டனாருக்கு ஏற்படாத நைட்ரஜன் நோய் பேரனைத் தாக்குகிறது. கால் முடங்கியவரும் உயிர் துறந்தவரும் உண்டு. ஹால்டேன் அட்டவணை வெளிவந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது; அது பல்கலைக்கழக மாணவருக்கு எட்டியிருக்கிறது; அதே கடலில் அன்றாடம் இறங்குபவருக்கு எட்டவில்லை. ஆய்வுக்காக மாதம் சிலமுறை மூழ்குபவருக்குச் சான்று கட்டாயம் என்றால், பிழைப்புக்காக நாளெல்லாம் மூழ்குபவருக்கு அவ்வறிவு கட்டாயம் இல்லையா?

ஆகவே கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ வேண்டும். படித்த இளைஞர் அழுத்தத்தின் விதியைக் குளியாளருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். பாரின் பெயரையும், நீரோட்டத்தின் குணத்தையும், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் கலங்கும் என்பதையும் முதிய குளியாளரிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வேதாளையிலும் அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஹார்னெல் கேட்டு எழுதியதால் சில பெயர்கள் பிழைத்தன. எழுதப்படாதவை, எழுதப்படாமலே போயின.

நம் குடும்பங்களில் மருத்துவமும் பொறியியலும் பயிலப் பிள்ளைகளை அனுப்புகிறோம், நன்று. கடலை ஒட்டிப் பிறந்து, கடலால் வளர்ந்த சமுதாயம், கடலை அறியும் கல்விக்கும் சிலரை அனுப்புதல் முறையன்றோ? பாட்டனார் ஒரு நிமிடம் கண்ட உலகைப் பேரனும் பேத்தியும் ஒரு மணி நேரம் நின்று காண இன்று வழி இருக்கிறது. அவர்கள் கண்டதை எழுதட்டும். எழுதும்போது, தங்களுக்கு முன் அதைக் கண்டவர்களின் பெயரையும் சேர்த்தே எழுதட்டும்.